நாலடிக் கடல்நீர்த் தொட்டியில் அலை எழுப்பும் கருவி: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் ‘வேவ்மேக்கர்’ வேண்டும் என்று கேட்டால், பிளாஸ்டிக் கூண்டுக்குள் சுழலும் ஒரு விசிறியையும், அதைத் தொட்டியின் கண்ணாடியில் பிடித்து நிறுத்தும் காந்தத்தையும், ஒயரின் மறுமுனையில் தொங்கும் சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டியையும் எடுத்து வைப்பார்கள். 2023 ஆகஸ்டில் அப்படி ஒன்றை ரூ. 5,800 கொடுத்து வாங்கினேன். “மாட்டிப் பாருங்க சார், மெரினாவே வீட்டுக்குள்ள வந்துரும்” என்றார் கடைக்காரர். வீட்டில் மாட்டியபோது தொட்டியில் அலை ஏதும் எழவில்லை. மணல் ஒரு மூலையிலிருந்து கிளம்பி மறுமூலையில் போய்க் குவிந்தது. மீன்கள் பாறைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டன. கருவியில் குறை ஏதுமில்லை என்பதும், அதனிடம் அலையை எதிர்பார்க்கும் முன் என் தொட்டியைப் பற்றி நான் சிலவற்றைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பதும் விளங்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. இதே கருவியை வாங்க நினைக்கும் மற்றவர்களுக்கு அந்த மூன்று மாதங்கள் மிச்சமாகட்டும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

கருவியின் வணிகப் பெயரை நான் சொல்லாததற்குக் காரணம் உண்டு. சீனாவில் தயாராகும் இதே உடல் வெவ்வேறு பெயர்களில், வெவ்வேறு அட்டைப்பெட்டிகளில் நம் சந்தைக்கு வருகிறது. பெயரை வைத்துத் தேடுபவர்களைவிட விவரக்குறிப்பை வைத்துத் தேடுபவர்களுக்கே சரியான பொருள் கிடைக்கும். என்னிடம் இருப்பது 24 வோல்ட் டி.சி. மின்சாரத்தில் ஓடுவது, அதிகபட்சம் 18 வாட் எடுத்துக்கொள்வது, மணிக்கு 8,000 லிட்டர் நீரைத் தள்ளும் என்று பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருப்பது. ஒரே வேகத்தில் ஓடுதல், விட்டுவிட்டுத் துடித்தல், ஒழுங்கற்று ஏறி இறங்குதல், தீனி போடும்போது பத்து நிமிடம் நிற்றல் என நான்கு முறைகள் இதில் உள்ளன. தொட்டி 4 அடி நீளம், 1½ அடி அகலம், 2 அடி உயரம் கொண்டது. அடியில் 4 செ.மீ. மணல், அதன்மேல் 50 செ.மீ. நீர், மேலே 7 செ.மீ. காலியிடம் என்று வைத்திருக்கிறேன். நீரின் அளவு சுமார் 280 லிட்டர்.

வளர்க்கும் உயிர்களையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் கருவியின் மதிப்பு அதைப் பொறுத்து மாறும். கல்பவளங்கள் இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை. அவற்றை வீட்டுத் தொட்டியில் வைப்பதற்கில்லை. ஆகவே வெளிநாட்டுப் பவளத் தொட்டிகளுக்காகச் சொல்லப்படும் மிக வேகமான நீரோட்டக் கணக்குகள் நமக்குப் பொருந்தா. என் தொட்டியில் சிமெண்டால் செய்த செயற்கைப் பாறைகளும், பொரிப்பகத்தில் பிறந்த இரண்டு இணைக் கோமாளி மீன்களும், நீல நிற டேம்செல் மீன்கள் ஐந்தும் உள்ளன. கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் பெருக்கும் முறையை ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்னும் ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் உருவாக்கி, கடலோர மக்களுக்குப் பயிற்சியும் அளித்து வந்திருப்பதால், கடலிலிருந்து பிடிக்காத மீனை வாங்குவது இன்று நம்மால் முடிகிற காரியம்.

இனி அலைக்கு வருகிறேன். நீர்மேல் ஒரு தக்கையை மிதக்கவிட்டால் நீரோட்டம் அதை இழுத்துக்கொண்டு போய்விடும். அலையோ அதை மேலே தூக்கி, சற்று முன்னே நகர்த்தி, மீண்டும் ஏறக்குறைய அதே இடத்தில் இறக்கிவிட்டுத் தான் மட்டும் கடந்து செல்லும். நம் கடற்கரை மீனவர்கள் நீரோட்டத்தை ‘நீவாடு’ என்று தனிப்பெயரிட்டு அழைக்கிறார்கள். அலையை அவர்கள் அதனோடு ஒருபோதும் குழப்பிக்கொள்வதில்லை. கடையில் விற்கப்படும் விசிறிக் கருவி அடிப்படையில் நீவாட்டை உண்டாக்குவது. அதற்கு அலையின் பெயரைச் சூட்டியிருப்பதால்தான் வாங்குபவர் ஏமாற்றமடைகிறார்.

உண்மையில் அலையை எழுப்புவதற்கென்றே கட்டப்பட்ட நீர்நிலைகள் எப்படி வேலை செய்கின்றன என்று படித்தபோதுதான் எனக்கு வழி திறந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையில் 30 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் 3 மீட்டர் ஆழமும் கொண்ட அலைத்தொட்டி ஒன்று இருக்கிறது. இத்தகைய ஆய்வுத் தொட்டிகளில் ஒரு பக்கச் சுவரையொட்டிப் பலகைகள் நிறுத்தப்பட்டு, அவை முன்னும் பின்னும் அசைக்கப்படுகின்றன. பலகை தள்ளும் நீர் அலையாகக் கிளம்பி எதிர்ப்பக்கம் செல்கிறது. பொழுதுபோக்குப் பூங்காக்களின் அலைக்குளங்கள் பலவற்றில் பலகை இல்லை. ஆழமான முனையின் சுவருக்குப் பின்னால் வரிசையாகக் காற்றறைகள் இருக்கும். பெரிய மின்விசிறிகள் அவற்றுக்குள் காற்றை அழுத்தும்போது அறையில் உள்ள நீர் கீழிறங்கிக் குளத்துக்குள் தள்ளப்படும், காற்றை வெளியேற்றும்போது நீர் திரும்ப ஏறும். எந்த அறை எப்போது ஊதப்படுகிறது என்ற வரிசையை மாற்றினால் நேரலையும் குறுக்கலையும் மாறிமாறி வரும். இவை புதியவை அல்ல. 1911-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரின் சுகாதாரக் கண்காட்சியில் வைக்கப்பட்ட ‘உண்டோசா’ என்னும் அலை இயந்திரம், மறு ஆண்டு அருகிலுள்ள ராடபாய்ல் ஊரின் பில்ஸ் நீச்சல் குளத்துக்கு மாற்றப்பட்டது. நூறாண்டுகளைத் தாண்டியும் கோடைக்காலங்களில் அது அங்கே அலை எழுப்பி வந்திருக்கிறது.

இந்த இரண்டு அமைப்புகளிலும் என்னைக் கவர்ந்தது அலையைக் கிளப்பும் முனையைவிட அது போய்ச் சேரும் முனைதான். ஆய்வுத் தொட்டியின் மறுகோடியில் அலையை உறிஞ்சிக்கொள்ளும் சரிவு இருக்கிறது. அலைக்குளத்தின் மறுகோடியில் செயற்கைக் கடற்கரை இருக்கிறது. அலை அதன்மேல் ஏறி, உடைந்து, தன் ஆற்றலைச் செலவழித்துவிட்டு ஓய்ந்துபோகிறது. திரும்பிவரும் அலை புதிதாக வரும் அலையோடு மோதிக் குழப்பம் செய்யக்கூடாது என்பதற்காகவே அந்தச் சரிவு. வீட்டுத் தொட்டிக்குக் கரை கிடையாது. நான்கு பக்கமும் செங்குத்தான கண்ணாடி. எழும் எந்த அசைவும் கண்ணாடியில் பட்டு அப்படியே திரும்பும். எனவே வீட்டுத் தொட்டியில் ஓடும் அலை சாத்தியமில்லை. சாத்தியமானது நின்ற இடத்திலேயே ஊசலாடும் அலை. இடது முனையில் நீர் உயரும்போது வலது முனையில் தாழும். அடுத்த நொடி அது இதற்கு நேர்மாறாகும். நடுவில் நீர்மட்டம் அசையாமல் இருக்கும், ஆனால் அங்கேதான் நீர் இடமும் வலமும் மிக வேகமாக ஓடும்.

குடத்தில் நீர் சுமந்து நடந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். காலடியின் தாளமும் குடத்து நீரின் தாளமும் ஒத்துப்போனால் நாலாவது ஐந்தாவது அடியிலேயே நீர் வாய்விளிம்பைத் தாண்டிச் சிந்தும். அதைத் தடுக்கத்தான் கிராமங்களில் குடத்து நீர்மேல் வேப்பங்கொத்தையோ இலையையோ போட்டு எடுத்து வருவார்கள். இலை அசைவின் ஆற்றலைத் தின்றுவிடும். பெரிய நீர்நிலைகளுக்கும் இதே இயல்பு உண்டு. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரி முழுவதும் இப்படி ஒரு முறை ஊசலாடி முடிக்கச் சுமார் 73 நிமிடங்கள் ஆகும் என்பதை ஃபோரெல் என்ற அறிவியலாளர் 19-ஆம் நூற்றாண்டில் அளந்து காட்டினார். 2015 ஏப்ரல் 25 அன்று நேபாள நிலநடுக்கத்தின்போது காத்மாண்டுவின் ஒரு விடுதி நீச்சல் குளத்து நீர் கரையைத் தாண்டிக் கொட்டிய காணொளியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே தள்ளுபவர் நிலம், இங்கே விசிறி.

ஆக, கருவியின் துடிப்பு தொட்டியின் இயல்பான ஊசலாட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஊஞ்சலைத் தள்ளுபவர் அது தன்னிடம் வந்து திரும்பும் கணத்தில்தான் தள்ளுகிறார். மற்ற நேரத்தில் தள்ளினால் ஊஞ்சல் நின்றுவிடும். என் தொட்டியின் நீளத்தையும் நீரின் ஆழத்தையும் வைத்துக் கணக்கிட்டபோது ஒரு முழு ஊசலாட்டத்துக்கு ஏறக்குறைய 1.35 விநாடி வந்தது. ஏரிகளுக்குப் பயன்படும் எளிய சூத்திரம், அதாவது நீளத்தின் இருமடங்கை, ஆழத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கிய தொகையின் வர்க்கமூலத்தால் வகுப்பது, 1.1 விநாடி என்று காட்டும். ஆனால் அது நீளத்தோடு ஒப்பிட ஆழம் மிகக் குறைவான நீர்நிலைகளுக்கே சரியாகும், நம் தொட்டிகள் அப்படிப்பட்டவை அல்ல. இந்த வேறுபாடு தெரியாமல் 1.1 விநாடியில் நான் பல நாட்கள் முயன்று தோற்றேன். கடைசியில் துடிப்பை மெல்ல மெல்ல நீட்டிக்கொண்டே போனபோது ஓரிடத்தில் நீர் சட்டென்று உயிர்பெற்றதுபோல் எழுந்தது. கைப்பேசியில் நேரம் வைத்து எண்ணினேன்: நிமிடத்துக்கு 43 ஊசலாட்டங்கள், அதாவது ஏறக்குறைய 1.4 விநாடி. நடுவில் உள்ள பாறைகள் நீரின் ஓட்டத்தைச் சற்று மறிப்பதால் கணக்கைவிட அளவு கொஞ்சம் நீண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்த ஒரு புள்ளியில் கருவி மிகச் சிறப்பாக வேலை செய்கிறது. வேகத்தை 40 விழுக்காட்டில் வைத்தாலே இரு முனைகளுக்கும் இடையே 3 செ.மீ. உயர வேறுபாடு கிடைக்கிறது. அந்தப் புள்ளியை விட்டு விலகினால் முழு வேகத்திலும் நீர்மட்டம் விரல் கனத்துக்கு மேல் அசைவதில்லை. இவ்வளவு நுட்பமான சரிசெய்தல் தேவைப்படும் ஒரு கருவியின் துடிப்புத் திருகில் எண்களோ கோடுகளோ இல்லை என்பதை நான் கடுமையான குறையாகவே சொல்வேன். கை தவறிப் பட்டால் மீண்டும் முதலிலிருந்து தேட வேண்டும். சரியான இடத்தில் வெள்ளை வண்ணத்தால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். நீர் ஆவியாகி மட்டம் ஓரிரு செ.மீ. குறைந்தாலே அந்தப் புள்ளியும் சற்று நகர்ந்துவிடுகிறது.

மீன்களின் நடத்தை மாறியதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தச் செலவு அவற்றுக்காகத்தான். ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும் நீரோட்டத்தில் டேம்செல்கள் நாள் முழுவதும் ஒரே இடத்தில் எதிர்நீச்சல் போட்டபடி நின்றன. கோமாளி மீன்கள் அதை விரும்பவில்லை. அவை இயல்பிலேயே நீச்சலில் வலுவற்றவை, பூப்போல் விரியும் கடல் உயிரான கடல்சாமந்தியின் கைகளுக்குள் ஒதுங்கி வாழப் பழகியவை. முன்னும் பின்னும் ஊசலாடும் அலை தொடங்கியபின் அவை நீரோடு சேர்ந்து இடமும் வலமும் சாயத் தொடங்கின. உடலைத் தளர்த்தி நீர் கொண்டுபோகும் இடத்துக்குப் போய், நீர் திருப்பிக் கொண்டுவரும் இடத்துக்கு வந்தன. ஆழம் குறைந்த பாறைக் கடலில் மூழ்கிப் பார்த்தவர்கள் இந்த அசைவை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். பாறைகளின் இடுக்கில் தங்கிவிடும் எச்சமும் தீனித்துகளும் இரு திசையிலும் அலசப்பட்டு மிதந்து வடிகட்டிக்கு வந்துசேர்கின்றன; முன்பு வாரம் ஒருமுறை குழாய் வைத்து உறிஞ்சிய பின்பக்கத்து அழுக்கை இப்போது மாதம் ஒருமுறை உறிஞ்சினால் போதுகிறது.

நீரின் மேற்பரப்பு இடைவிடாமல் புரள்வதால் எண்ணெய்போல் படியும் படலம் நிற்பதில்லை. நம் ஊரின் வெப்பத்தில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. 28 டிகிரியில் நன்னீர் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 7.8 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதே வெப்பத்தில் கடல்நீர் 6.4 மில்லிகிராம்தான். அந்தக் குறைந்த இருப்பும் மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். அசையாத பரப்புடைய ஒரு கடல்நீர்த் தொட்டி மே மாதத்து இரவில் எவ்வளவு விரைவாக ஆபத்துக்குள்ளாகும் என்பதை மீன் வளர்ப்பவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது இந்தக் கருவி தன் விலையை எனக்குத் திருப்பித் தந்துவிட்டது. எங்கள் தெருவில் 41 மணிநேரம் மின்சாரம் இல்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியில் மாற்று மின்கலத்துக்கென ஒரு துளை இருக்கிறது. அதில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலங்கள் இரண்டைத் தொடராக இணைத்து வைத்திருந்தேன். கணக்குப்படி அவற்றின் கொள்ளளவு 168 வாட்-மணி. ஈய மின்கலத்தை முழுவதும் வடித்துவிடக் கூடாது என்பதால் 100-க்குச் சற்று மேல் பயன்படுத்தலாம். மிகக் குறைந்த வேகத்தில் கருவி 4 வாட் எடுத்துக்கொண்டது. முதல் பத்து மணிநேரம் தொடர்ந்து ஓடவிட்டேன். மின்சாரம் விரைவில் வராது என்று தெரிந்தபின் அரைமணி ஓட்டி அரைமணி நிறுத்தினேன். முழங்கால் அளவு தண்ணீர் தெருவில் நின்ற அந்த இரண்டு இரவுகளிலும் அலாரம் வைத்து எழுந்து பொத்தானை அழுத்தியது நினைவில் நிற்கிறது. ஒரு மீனும் சாகவில்லை. நேரடியாக 230 வோல்ட்டில் ஓடும் மலிவான பழைய வகைக் கருவியாக இருந்திருந்தால் இது முடிந்திருக்காது. டி.சி. கருவிக்கும் ஏ.சி. கருவிக்கும் இடையே இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் வேறுபாட்டைப் பார்த்துத் தயங்குபவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே டி.சி.யைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

மின்செலவு பெரிதன்று. சராசரியாக 10 வாட் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 7.2 யூனிட். ஆனால் நீருக்குள் மூழ்கியிருக்கும் மோட்டார் எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாக நீரிலேயே சேரும். வெப்பம் எங்கும் வெளியேறாவிட்டால் 10 வாட் ஒரு நாளில் 280 லிட்டரை முக்கால் டிகிரி சூடாக்கப் போதும். அமெரிக்காவின் ஈகோடெக் நிறுவனம் தயாரிக்கும் வோர்டெக் கருவிகளில் மோட்டார் கண்ணாடிக்கு வெளியே இருக்கிறது. விசிறி மட்டும் காந்த ஈர்ப்பால் உள்ளே சுழல்கிறது. வெப்பமும் ஒயரும் நீருக்குள் வராத அந்த அமைப்பு நம் தட்பவெப்பத்துக்கு மிகவும் ஏற்றது. ஜெர்மனியின் டுன்சே நிறுவனம் தொட்டியின் ஒரு முனையில் வைக்கக்கூடிய ‘வேவ்பாக்ஸ்’ என்ற பெட்டியை, மேலே சொன்ன ஊசலாட்டத்தை மட்டுமே எழுப்புவதற்காக வடிவமைத்தது. பெட்டி நீரை உள்ளிழுத்து விடும் நேரத்தைத் தொட்டிக்கேற்ப நுட்பமாக அமைக்கலாம். நான் வாங்கியது போன்ற கருவிகளைவிட இவற்றின் விலை பல மடங்கு அதிகம். வசதி உள்ளவர்களுக்கு இவற்றையே பரிந்துரைப்பேன்.

இனிக் குறைகள். எட்டாவது மாதத்தில் மின்மாற்றி அடாப்டர் செயலிழந்தது. ஓராண்டு உத்தரவாதம் இருந்தும், அடாப்டருக்கு அது பொருந்தாது என்று விற்ற கடையில் சொல்லிவிட்டார்கள். ரசீதின் பின்புறத்தில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. வாங்கும்போதே எந்தெந்தப் பாகத்துக்கு உத்தரவாதம் என்று கையெழுத்துடன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரிச்சி தெருவில் 24 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் ஒன்றை ரூ. 450-க்கு வாங்கிப் பொருத்தினேன். அது கருவியோடு வந்த பழைய அடாப்டரைவிடக் குளிர்ச்சியாகவே ஓடுகிறது.

கூண்டின் இடைவெளிகள் தேவைக்கு அதிகமாக அகன்றவை. வாங்கிய முதல் மாதத்திலேயே ஒரு சிறிய சுத்திகரிப்பு இறால் உள்ளே இழுக்கப்பட்டு இறந்தது. அதன்பின் நைலான் வலை ஒன்றைச் சுற்றிக் கட்டினேன். கடல்சாமந்தி வளர்ப்பவர்கள் வலையில்லாமல் இதைப் பொருத்தவே கூடாது. இடம்விட்டு இடம் நகரும் அந்த உயிர் விசிறியில் சிக்கிச் சிதைந்தால் ஒரே இரவில் தொட்டி முழுவதும் நஞ்சாகிவிடும்.

விசிறியின் அச்சு பீங்கானால் ஆனது, சுண்ணாம்புப் படிவு ஏறினால் இறுகிக்கொள்ளும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை கருவியை வெளியே எடுத்து, வெந்நீரில் எலுமிச்சை உப்பைக் கரைத்து அதில் ஒரு மணிநேரம் ஓடவிட்டால் படிவு கரைந்துவிடும். கத்தியால் சுரண்டினால் அச்சு முறியும். என்னுடையது ஒருமுறை முறிந்தது. சுத்தம் செய்யும் ஒவ்வொரு தடவையும் காந்தத்தின் மேலுறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது முக்கியம். மயிரிழை விரிசல் வழியாகக் கடல்நீர் நுழைந்தால் காந்தம் துருப்பிடித்து உப்பி, அதன் உலோகம் நீரில் கலக்கும். விரிசல் தெரிந்தால் அந்தக் காந்தத்தை மறுபடி நீரில் இறக்க வேண்டாம்.

அலைமுறையில் ஓட்டும்போது வேறு சில கவலைகள் சேர்கின்றன. நீர், கண்ணாடி, பாறை எல்லாம் சேர்ந்து என் தொட்டியின் எடை 400 கிலோவை நெருங்கும். அதில் பெரும்பகுதி ஒவ்வொரு 1.4 விநாடிக்கும் இடமும் வலமும் சாய்ந்து மீள்கிறது. என் தாங்கி சதுர இரும்புக் குழாயில் பற்றவைத்தது. முதுகில் மூலைவிட்டத் தாங்கல் இல்லாததால் முதல் நாள் அதில் மெல்லிய ஆட்டம் தெரிந்தது, பிறகு இரண்டு குறுக்குக் கம்பிகளை வைத்துப் பற்றவைத்தேன். பிளைவுட் தாங்கியில் 4 அடித் தொட்டியை வைத்திருப்பவர்கள் அலைமுறையைத் தவிர்க்க வேண்டும் என்பது என் கருத்து. கண்ணாடி மூட்டுகளின் சிலிக்கான் பசைக்கும் இந்த ஆட்டம் கூடுதல் சுமைதான். ஆகவே அலையை நாளொன்றுக்கு நான்கு மணிநேரம் மட்டும், மாலை 4 மணி முதல் 8 மணி வரை ஓட்டுகிறேன். மற்ற நேரங்களில் ஒழுங்கற்று ஏறி இறங்கும் நீரோட்ட முறை. கீழே வடிகட்டித் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. வழிந்து விழும் வாய் அலை உயரும்போதெல்லாம் விழுங்குவதால் ‘களக், களக்’ என்ற ஒலி எழும். கீழ்த்தொட்டியின் மட்டமும் ஏறி இறங்கி, நீர் குறைந்ததும் தானாக நிரப்பும் மிதவையைக் குழப்பும். அந்த வாயைத் தொட்டியின் நீளவாக்கில் நடுப்பகுதிக்கு மாற்றியபோது இரண்டு தொல்லைகளும் வெகுவாகக் குறைந்தன, ஏனெனில் நீர்மட்டம் அசையாத இடம் அதுதான்.

மின்பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கருவிக்குள் வருவது 24 வோல்ட்தான் என்றாலும் அடாப்டர் 230 வோல்ட்டில் இருக்கிறது. ஒயரில் வழியும் உப்புநீர் பிளக்குக்குள் இறங்காதபடி, ஒயர் பிளக்கின் மட்டத்துக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறுமாறு வைக்க வேண்டும். தொட்டிக்கான இணைப்பில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். குழந்தைகளுக்காக மொட்டைமாடியில் வைக்கும் காற்றடைத்த பிளாஸ்டிக் குளத்தில் இதைப் போட்டால் அலை வருமா என்று உறவினர் ஒருவர் கேட்டார். ஆட்கள் இறங்கும் நீரில் இந்தக் கருவியை ஒருபோதும் போடக்கூடாது. பூங்காக்களின் அலைக்குளங்களில் மின்விசிறிகள் நீருக்கு வெளியே, சுவருக்குப் பின்னால் தனி அறையில் இருக்கின்றன, நீரைத் தொடுவது காற்று மட்டுமே; அந்த ஏற்பாட்டின் அருமை இதைப் பார்க்கும்போது புரிகிறது.

நன்னீரில் தங்கமீனோ சண்டைமீனோ வளர்ப்பவர்களுக்கு இந்தக் கருவி தேவையில்லை. அவை ஓட்டமில்லாத, மெதுவான நீரை விரும்புபவை. மூன்றடிக்குக் குறைந்த கடல்நீர்த் தொட்டிக்கும் 8,000 லிட்டர் மிக அதிகம், அதில் பாதி ஆற்றல் கொண்டதே போதுமானது. நாலடி முதல் ஐந்தடி வரையிலான, இரும்புத் தாங்கியில் நிற்கும், மேலே 5 செ.மீ.க்குக் குறையாத காலியிடம் உள்ள கடல்நீர்த் தொட்டிக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். வாங்கும் அன்றே உதிரி விசிறியும் பீங்கான் அச்சும் ஒன்று சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து ரூ. 600 ஆயிற்று எனக்கு. அடுத்த ஆண்டு போய்க் கேட்டபோது அந்த மாதிரியின் வரவு நின்றுவிட்டது என்றார்கள்.